தற்போதைய நிலை

வாலாஜாபேட்டை. சித்திரை. பகல் பதினொன்றரை.
பாகப்பிரிவினை வழக்கில்
ராணிப்பேட்டை நீதிமன்றம் நியமித்த ஆணையர் நான்.
கூடவே அளவர் தணிகாசலம், ஐம்பது மீட்டர் டேப்,
அவர் சட்டைப்பையில் இரண்டு சாக்பீஸ்.

தாவா சொத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.
தெருவில் வானத்துக்கு இடம் விட்டிருக்கும்
ஒரே வீடு அது.
எதிரே இருந்த மூன்றும் இதே காலத்தவை,
இதே மெல்லிய செங்கல், இதே சுண்ணாம்பு.
ஒற்றுமையான குடும்பங்கள்.
ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள்,
நாலு நாளில் ஜேசிபி வேலையை முடித்தது.
இப்போது ஒரு கல்யாண மண்டபம்,
'வாடகைக்கு' என்று எழுதிய ஷட்டர்கள்.

இங்கே மட்டும் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை,
பத்தொன்பது வருஷமாக.

வடக்கே வேதகிரி. ஊதா டிஸ்டம்பர்.
தெற்கே பஞ்சாட்சரம். சோடா ஏஜென்சி, கூரை வரை பெட்டிகள்.
நடுக்கூடத்தில் ஒரு வளைவு,
வடக்குத் தூணில் ஏறித் தெற்குத் தூணில் இறங்குகிறது,
பாதி ஊதா, பாதி பழைய வெள்ளை.
உச்சிக்கல் யாருடையது என்பது
எழுவினா எண் மூன்று.

உள்ளே வந்ததும் தணிகாசலம்
கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டார்.
வெளியே நூற்றெட்டு டிகிரி.
'சுவர் ரெண்டடி நாலங்குலம்' என்றார்.
அந்தக் கனத்தை என் பாகத்தில் சேர்க்கக் கூடாது
என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.
அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

போன வருஷம் வேலூரிலிருந்து
கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகள் வந்து
வரைந்துகொண்டு போனார்களாம்.
'இதை யாருங்க காப்பாத்தி வெச்சிருக்கிறது?'
சோடாக் கடைப் பையன் சொன்னானாம்:
'கோர்ட்டுதான்.'

வாதி, இவர்களுக்கு மூத்தவர், மங்களகௌரி.
பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்தவர்.
காட்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.
மூன்றில் ஒரு பாகம் கேட்டு வழக்குப் போட்டவர்
இருபத்தாறு வாய்தா வாங்கியிருக்கிறார்:
முதுகுவலி, காணாமல் போன ஆவணம்,
சில தடவை காரணமே இல்லை.
கோப்பைப் படித்தபோது பேராசை என்று நினைத்திருந்தேன்.
தம்பிகளை அவர் பார்க்கவில்லை.
வளைவின் கீழ் நின்று
விரிசலுக்குக் குறுக்கே ஒட்டியிருந்த
சின்னக் கண்ணாடித் துண்டைப் பார்த்தார்.
அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி.
கண்ணாடி உடையவில்லை.
யார் ஒட்டியது என்று நான் கேட்கவில்லை.

நான் எழுத வேண்டியது ஒரு வார்த்தைதான்.
பிரிக்கலாம் என்றால் நடுவே சுவர் வரும், வளைவு போகும்.
பிரிக்க முடியாது என்றால் ஏலம்.
எடுக்கப்போகிறவர் யாரென்று ஊருக்கே தெரியும்,
மண்டபத்துக்கு அவருக்குப் பார்க்கிங் போதவில்லை.

பஞ்சாட்சரம் எல்லோருக்கும் கோலி சோடா உடைத்தார்.
வேதகிரி மறுக்கவில்லை.
அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணமாம்.
'பத்திரிகை வெச்சா வாங்கிப்பேன்'
என்றார் தம்பி, சுவரைப் பார்த்து.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
சமாதானம் இந்த வீட்டுக்கு
இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

மாடியில், கைப்பிடிச் சுவர் வெடிப்பில்
ஓர் அரசங்கன்று. நாலு இலை.
நீதிமன்ற உத்தரவில் சந்தேகத்துக்கு இடமில்லை:
தற்போதைய நிலையை யாரும் மாற்றக் கூடாது.
தணிகாசலம் எனக்கு முதுகு காட்டி டேப்பைச் சுற்றினார்,
ஏற்கெனவே சுற்றி முடித்த டேப்பை.
கன்று வேரோடு வந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
நடுக்கூடத்தில் வெளிச்சம் போதவில்லை.
அளவுகள் முழுமை பெறவில்லை.
மழைக்காலம் கழிந்தபின் மறு ஆய்வுக்கு அவகாசம் தேவை.

அரசங்கன்றைப் பாலாற்றுப் பாலத்தில் எறிந்தேன்.
கைப்பையில் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை.
பேனா எடுக்கும்போதெல்லாம்
விரல் வெள்ளையாகிறது.